ஹெல்மெட் போட்டால் கார்கள் நெருங்கி வருமா?

பெடல்ராசா:
இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வாக்கர், 2006இல் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைக் கட்டிக்கொண்டு சாலிஸ்பரி, பிரிஸ்டல் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார். முந்திப் போன வண்டிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஹெல்மெட் போட்டிருந்தபோது சராசரியாக 8.5 செ.மீ. கூடுதலாக நெருங்கின. பெண்போலத் தெரிய நீள விக் வைத்தபோதோ விலகிப் போயின! ஹெல்மெட்காரன் கெட்டிக்காரன், தடுமாற மாட்டான் என்று ஓட்டுநர்கள் நினைக்கிறார்கள் போல. என் ஹெல்மெட் இப்போது ஆணியில் தொங்குகிறது.

இரவுப்பணி:
8.5 செ.மீ. என்பது என் உள்ளங்கை அகலம். அதற்காகத் தலையைத் திறந்துபோட்டுப் போவீர்களா? அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசினார்கள். ஒரு மீட்டருக்குள் வந்த வண்டிகளை மட்டும் ஆபத்தாகக் கணக்கிட்டபோது ஹெல்மெட்டால் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அப்புறம், அந்த ஆய்வின்போது வாக்கரை ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் இடித்தன. இரண்டு தடவையும் ஹெல்மெட் தலையில் இருந்தது. நீங்கள் இதை ஆதாரம் என்பீர்கள், நான் நல்லவேளை என்பேன்.

நாலுசக்கரம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஜெர்மனியின் மூனிக்கில் டாக்ஸிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதி வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக், பாதியில் சாதா பிரேக். விபத்து எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. ஏபிஎஸ் ஓட்டுநர்கள் முன்வண்டியை ஒட்டிப் போனார்கள், வளைவில் வெடுக்கென்று திருப்பினார்கள். கிடைத்த பாதுகாப்பைத் துணிந்து ஓட்டியே செலவழித்துவிட்டார்கள்.

இரவுப்பணி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல பிரேக் என்றால் காலில் தெரியும், ஒவ்வொரு மிதியிலும் தைரியம் ஏறும். சீட் பெல்ட் அப்படியா? மாட்டிய ஐந்தாவது நிமிடம் மறந்துவிடும். பெல்ட் வந்தால் ஓட்டுநர்கள் துணிந்துவிடுவார்கள், நடந்து போகிறவர்கள்தான் சாவார்கள் என்று 1975இல் சாம் பெல்ட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் வாதாடினார். பின்னால் அமெரிக்க மாநிலங்களின் பெல்ட் சட்டங்களை ஆராய்ந்தவர்களுக்கு அதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஹெல்மெட்டும் பெல்ட் ஜாதிதான்.

பெடல்ராசா:
மறந்துவிடுமா? 2016இல் அதே பாத்தில் 80 பேரைக் கணினி முன் உட்காரவைத்து, திரையில் பலூன் ஊதச் சொன்னார்கள். கண் அசைவைப் பதியும் கருவியைத் தாங்க என்று பாதிப் பேருக்கு ஹெல்மெட், மீதிப் பேருக்குத் தொப்பி. உட்கார்ந்த இடத்தில் ஹெல்மெட்டுக்கு என்ன வேலை? ஆனாலும் ஹெல்மெட்காரர்கள்தான் வெடிக்கும் ஆபத்தை அதிகம் இழுத்துப் பார்த்தார்கள்.

இரவுப்பணி:
பலூன் வெடித்தால் யாருக்கும் மண்டை உடையாது, ராசா. உங்கள் மகளுக்கும் ஹெல்மெட் வேண்டாமா?

பெடல்ராசா:
அவளுக்குப் போட்டுவிடுகிறேன்.

இரவுப்பணி:
பிடிபட்டீர்கள்!

பெடல்ராசா:
இல்லைங்க. அவள் ஓட்டுவது எங்கள் தெருவுக்குள், கார் வராது. விழுந்தால் தானாக விழுவாள், அதற்கென்று செய்ததுதான் ஹெல்மெட். நான் போவது லாரிக்குப் பக்கத்தில்.