75,000 பிடியூ இன்செர்ட், ஹாலில் 19 டிகிரிதான். குறை அடுப்பிலா, விறகிலா?

பீட்டர்பரோ_வாசி:
ஒன்டாரியோவில் பீட்டர்பரோ பக்கம், எழுபதுகளில் கட்டிய வீடு. செங்கல் புகைபோக்கி வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கிறது. பழைய திறந்த கணப்புக்குள் போன அக்டோபரில் விறகு இன்செர்ட் (கணப்புக்குள் செருகும் மூடிய அடுப்பு) பொருத்தினோம், 6 அங்குல ஸ்டீல் லைனர், அதாவது உள் புகைக்குழாய், உச்சிவரை போகிறது. விற்பனைத் தாளில் மணிக்கு 75,000 பிடியூ வெப்பம் என்று இருந்தது. நேற்று வெளியே மைனஸ் 18. நாலு மணிநேரம் விடாமல் எரித்தும் ஹாலில் 19ஐத் தாண்டவில்லை, படுக்கையறையில் 15. கண்ணாடி இரண்டே நாளில் கறுத்துப்போகிறது. பணத்தை வீணாக்கிவிட்டேனா?

கரிமலை:
அந்த 75,000ஐ முதலில் மறந்துவிடுங்கள். அது அடுப்பை நிரப்பி, காற்றை முழுக்கத் திறந்து, எரிகிற உச்ச நேரத்துக்கான எண். உங்கள் அடுப்பில் ஒரு தடவைக்கு 15 கிலோ விறகு பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட், அதாவது 4 கிலோவாட் மணி வெப்பம் தரும், மொத்தம் 60. அதில் 70 சதவீதம் வீட்டுக்குள் வந்தால் 42. எட்டு மணிநேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், சுமார் 18,000 பிடியூ. அவ்வளவுதான். அதிலும் இன்செர்ட்டின் உடம்பில் பெரும்பகுதி செங்கலுக்குள் புதைந்திருக்கிறது, அந்தச் செங்கலோ வெளியே பனியில் நிற்கிறது. நான் ஆறு குளிர்காலம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுத் தனியாக நிற்கும் அடுப்புக்கு மாறினேன். எல்லாப் பக்கமும் சூடு வீசுகிறது, கரண்ட் போனாலும் கவலையில்லை. இன்செர்ட்டில் விசிறி நின்றால் பாதிச் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

தணல்:
கணக்கு சரி அண்ணா, முடிவு சரியில்லை. திறந்த கணப்பில் பத்தில் ஒரு பங்கு சூடு வீட்டுக்கு வந்தாலே பெரிது, கடுங்குளிரில் அது வீட்டுச் சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதோடு ஒப்பிட்டால் இன்செர்ட் எவ்வளவோ மேல். கண்ணாடி இரண்டு நாளில் கறுக்கிறது என்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? அது ஈர விறகின் அடையாளம். வாசி, கட்டையின் வெட்டுமுனையில் நுரை கட்டி, உஸ் என்று சத்தம் வருகிறதா?

பீட்டர்பரோ_வாசி:
வருகிறது. ஆனால் இரண்டு வருடம் காய்ந்த ஓக் என்று சொல்லித்தான் ஒரு புஷ் கார்ட் (128 கன அடி விறகு அடுக்கு) கொடுத்தார்கள்.

தணல்:
பிளக்காமல் உருளையாக அடுக்கி வைத்திருந்தால் இரண்டு வருடம் ஒரு கணக்கே இல்லை. ஓக்கைப் பிளந்து, காற்றுப்படும்படி அடுக்கிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். ஈரம் பார்க்கும் மீட்டர் சின்ன விலைதான். ஒரு கட்டையை வீட்டுக்குள் வைத்துக் குளிர் இறங்கியதும் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் குத்திப் பாருங்கள், வெளித்தோலில் வேண்டாம். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈர விறகு அடுப்பைக் குளிர வைக்கும், குளிர்ந்த அடுப்பில் புகை எரியாது. எரியாத புகைதான் லைனரில் கிரியோசோட் என்ற தார் மாதிரிப் படிவாகப் படியும், அது பிடித்தால் புகைபோக்கியே பற்றும். எனக்குச் சூட்டைவிட அந்தப் பயம்தான் பெரிது.

வடக்கு_அக்கா:
விறகு ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய டாம்பர் (புகைபோக்கியை மூடித் திறக்கும் தகடு) இருந்த வாயை லைனரைச் சுற்றித் தகடு வெட்டி அடைத்து, மேலே ராக்வூல் என்ற வெப்பம் தடுக்கும் கல் நார் வைத்தார்களா? எங்கள் வீட்டில் அது இல்லாமல்தான் பொருத்திவிட்டுப் போனார்கள். அடுப்புக்கு மேலே கைவிட்டால் வெந்நீர் ஆவி மாதிரி சூடு புகைபோக்கிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. தகடு போட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது.

கரிமலை:
அக்கா சொல்வதும் என் கட்சிதான். வெளிச்சுவர்ப் புகைபோக்கியில் இவ்வளவு வேலை செய்தால்தான் இன்செர்ட் சுடும் என்றால், அதை வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டாமா?

தணல்:
சொல்லியிருக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஈர ஓக்கைப் போட்டால் உங்கள் தனி அடுப்பும் புகையத்தான் செய்யும்.

பீட்டர்பரோ_வாசி:
ஐந்து நாள் கழித்து வருகிறேன். கட்டையின் வெளியே 19, பிளந்த முகத்தில் 33. கடையில் சூளையில் உலர்த்திய விறகுப் பொட்டலங்கள் வாங்கி மூன்று இரவு எரித்தேன். வெளியே மைனஸ் 16, ஹாலில் 23. கண்ணாடி தெளிவாக இருக்கிறது, அடுப்புக்குள் மேலே இருக்கும் காற்றுக் குழாய்களிலிருந்து நீலமும் மஞ்சளுமாகச் சுடர் இறங்குவதை முதல் தடவையாகப் பார்த்தேன். படுக்கையறை மட்டும் 16ஐத் தாண்டவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், தகடு கிடையாது.

கரிமலை:
விறகு விஷயத்தில் தணல் சொன்னதே சரி, ஒத்துக்கொள்கிறேன். படுக்கையறைக்குச் சின்ன மேசை விசிறி ஒன்றை நடைபாதைத் தரையில் வைத்து, குளிர்ந்த காற்றை ஹால் பக்கம் ஊதவிடுங்கள். சூடான காற்று மேலாகத் தானே அங்கே போகும்.

வடக்கு_அக்கா:
இரண்டு மாதம் ஈர விறகு எரித்திருக்கிறீர்கள் தம்பி, லைனரை இந்த வாரமே துலக்க ஆள் கூப்பிடுங்கள். அவர் வரும்போது தகட்டுக்கும் அளவெடுத்துவிடலாம்.