குமிழியே வராது என்கிறது என் கணக்கு. எங்கே தப்பு?

ஆழ்கடல்_பித்தன்:
ஸ்டாட் மெக்கில் (புள்ளியியல் இயக்கவியல்) நியூக்ளியேஷன், அதாவது குமிழி போன்றவை முதன்முதலில் எப்படிக் கருக்கொள்கின்றன என்பதைப் படித்த கையோடு, முக்குளிப்பவர்கள் வேகமாக மேலே வந்தால் உடம்பில் வாயுக் குமிழி உண்டாகி மூட்டு வலிக்கும் பெண்ட்ஸ் நோய்க்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீட்டரில் நெடுநேரம் இருந்துவிட்டு ஒருவர் சட்டென்று மேலே வந்தால் திசுவில் நைட்ரஜன் அழுத்தம் 3 அட்மாஸ்பியருக்கு மேல், வெளியே 1, ஆக வேறுபாடு சுமார் 2. தண்ணீரின் பரப்பு இழுவிசையை வைத்துக் குமிழி பிறக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை (தடுப்பாற்றல்) கணக்கிட்டு, 310 கெல்வினில் வெப்ப ஆற்றலால் வகுத்தால் மூன்றரைக் கோடி வருகிறது. அதாவது நிகழ்தகவு, ஈ-யின் அடுக்கில் மைனஸ் மூன்றரைக் கோடி! பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு குமிழி வராது. ஆனால் ஆட்களுக்கு மூட்டு வலிக்கிறதே?

நுரை:
கணக்கு சரிதான், கேள்விதான் தப்பு. குமிழி சூனியத்தில் இருந்து பிறப்பதில்லை. சுத்தமான தண்ணீரில் வாயு 100 அட்மாஸ்பியருக்கு மேல் மீதெவிட்டினால்தான், அதாவது தாங்கக்கூடிய அளவைவிட அவ்வளவு கூடுதலாகக் கரைந்திருந்தால்தான், அப்படிப் பிறக்கும். சோடாவில் ஓர் உலர்திராட்சையைப் போட்டுப் பாருங்கள், குமிழி வருவதெல்லாம் அதன் சுருக்கங்களில் இருந்துதான், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே காற்று ஒளிந்திருக்கிறது. உடம்பிலும் அப்படி நுண்கருக்கள் (மிகச் சிறிய வாயுப் பைகள்) இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் 2 அட்மாஸ்பியருக்கு மாறுநிலை ஆரம் 0.7 மைக்ரான், அதைவிடப் பெரிய கரு வளரும், சிறியது கரைந்துவிடும். ஹவாயில் யௌன்ட் என்ற இயற்பியலாளர் ஜெலட்டினை வைத்து இதைத்தான் பார்த்தார்: முதலில் நன்றாக அழுத்திவிட்டு அப்புறம் அழுத்தத்தைக் குறைத்தால் குமிழிகளின் எண்ணிக்கை குறைந்தது. கருக்கள் நசுங்கிவிட்டன என்பது அவர் விளக்கம். ஆரம் கூடக்கூடக் கருக்களின் எண்ணிக்கை அடுக்குக்குறியாகக் குறையும் பரவல், அங்கேதான் உங்கள் ஸ்டாட் மெக்குக்கு வேலை.

பழைய_டைவர்:
நுரை சொன்னதோடு ஒன்று. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று ஏற வேண்டும் என்று சொல்லும் ஒரே அட்டவணைப்படி ஏறும் இருவரில் ஒருவருக்கு மட்டும் தோள் வலிக்கும், இன்னொருவர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருப்பார். அதனால்தான் 1984-இல் ஆய்வாளர் வெதர்ஸ்பியின் குழு இதைப் பாய்சான் பாணியில், அதாவது தற்செயலாக நேரும் நிகழ்வாக, அணுகியது: ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஓர் ஆபத்து வீதம், அதன் கூட்டுத்தொகையில் இருந்து நோய் வரும் வாய்ப்பு.

குமிழி வளர்ச்சியை வைத்து அட்டவணை போடும் கணித மாதிரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். அது ‘ஆழத்திலேயே நிறுத்து, குமிழி வளராது’ என்று சொல்லும். அமெரிக்கக் கடற்படை 170 அடி, 30 நிமிட முழுக்கில், ஏறும் நேரம் மாறாமல், ஆழத்தில் நிறுத்தியும் மேலே நிறுத்தியும் இரண்டு விதமாகவும் சோதித்து 2011-இல் வெளியிட்டது. ஆழ நிறுத்த அட்டவணையில் 198 முழுக்குகளில் 10-இல் நோய், மேலோட்ட நிறுத்தத்தில் 192-இல் 3. ஆழத்தில் நிற்கும்போது வாயுவை மெதுவாக ஏற்கும் திசுக்கள் இன்னும் வாயுவைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன, அதுதான் கோளாறு.

ஆழ்கடல்_பித்தன்:
நன்றி இருவருக்கும். ரத்த பிளாஸ்மாவின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.055 நியூட்டன் என்று போட்டும் பார்த்தேன், அப்போதும் ஒன்றரைக் கோடிக்குக் கீழே இறங்கவில்லை. சரி, தடுப்பாற்றலை மூட்டை கட்டிவிட்டு ஆரப் பரவலில் இருந்து ஆரம்பிக்கிறேன். திராட்சை வாங்கியாகிவிட்டது.