ஓடி முடித்ததும் வீசிங்: பம்ப்பை முன்னாடியே அடிக்கலாமா?

மிட்ராண்ட் அம்மா:
மகளுக்கு 13 வயது, பள்ளியில் கிராஸ் கன்ட்ரி ஓடுகிறாள். இங்கே தென்னாப்பிரிக்காவின் ஜூலைக் குளிரில் காலைப் பயிற்சி என்றால் ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை, நின்று ஐந்து பத்து நிமிடத்தில்தான் இருமலும் நெஞ்சு இறுக்கமும், கூடவே விசில் மாதிரி ஒரு சத்தம். டாக்டர் நீல பம்ப்பை (காற்றுக்குழாயை உடனே விரிக்கும் இன்ஹேலர்) ஓடுவதற்கு முன்னால் இரண்டு தடவை அடிக்கச் சொன்னார். மூச்சு முட்டாதபோது எதற்கு மருந்து, பழகிவிடாதா என்று மாமியார் ஊரிலிருந்து போன் போட்டு என்னை வறுத்தெடுக்கிறார். நிஜமாகவே அடிக்கலாமா?

டர்பன் ஓட்டக்காரன்:
தாராளமாக அடிக்கலாம் அக்கா. வாயைத் திறந்து வேகமாக மூச்சு இழுக்கும்போது காற்றுக்குழாயின் ஈரம் வற்றி, அதைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது. உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலக் காற்று வறண்டு கிடக்கும், எங்கள் கடற்கரைக் காற்று அந்த வகையில் தேவலாம். நான் கால் மணி நேரம் முன்னால் சால்பியூட்டமால் (அந்த நீல பம்ப்பில் இருக்கும் மருந்து) அடித்துவிடுவேன், இரண்டு முதல் நான்கு மணி நேரம் தாங்கும். வார்ம்-அப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள், வாயையும் மூக்கையும் மூடி ஒரு துணி கட்டிக்கொள்ளட்டும்.

ஃபார்மசி அண்ணா:
மாமியார் கேட்டதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எப்போதாவது என்றால் சரி, தினமும் நீல பம்ப் என்றால் அது தரும் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும். வாரத்தில் பல நாள் தேவைப்பட்டால் காற்றுக்குழாய்க்குள் வீக்கம் இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் மருந்து. அதை நாள் தவறாமல் எடுக்கணும், முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும், எடுத்தபின் வாய் கொப்பளிக்கணும். 12 வயது தாண்டியவர்களுக்கு பியூடெசோனைடும் (ஸ்டீராய்டு) ஃபார்மோடெராலும் (காற்றுக்குழாயை விரிப்பது) சேர்ந்த பம்ப்பையே ஓடுவதற்கு முன் கொடுப்பதும் உண்டு. ஆஸ்துமாக்காரர்களை நீல பம்ப்போடு மட்டும் விடக்கூடாது என்று 2019 முதல் ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டியே சொல்கிறது. டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

மிட்ராண்ட் அம்மா:
நன்றி அண்ணா. அவள் அடிக்கும்போது பாதி மருந்து வாயோரமாகப் புகையாக வெளியே வருகிறதே, அது பரவாயில்லையா?

ஃபார்மசி அண்ணா:
அப்படியென்றால் நெஞ்சுக்குப் போவது குறைவுதான். ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் குழாய்) வாங்குங்கள். அவசரத்துக்கு 500 மில்லி குளிர்பான பாட்டில் போதும், கேப் டவுன் டாக்டர்கள் 1999-லேயே சோதித்துப் பார்த்தது. பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாக நுழைகிற அளவுக்கு ஓட்டை, பாட்டில் கழுத்துப் பக்கம் மகளின் வாய். குலுக்கி ஒரு தடவை அடித்து, மெதுவாக இழுத்துப் பத்து விநாடி அடக்கணும், பிறகுதான் அடுத்தது. அடித்தும் மூச்சு சீராகவில்லை, பேசவே திணறுகிறாள் என்றால் திரும்பத் திரும்ப அடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.