மறுமொழி: துனிசியக் குரோஷா: 'ஃபார்வர்ட் பாஸ்', 'ரிட்டர்ன் பாஸ்' தமிழில்?

குழுவினருக்கு வணக்கம்.

சனிக்கிழமை மயிலாப்பூர் வகுப்புக்கு ஒரு பக்கக் குறிப்பு அச்சடித்தாக வேண்டும். துனிசியக் குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னலில் ஊசி போகும் பாதிக்கும் (ஃபார்வர்ட் பாஸ்) திரும்பும் பாதிக்கும் (ரிட்டர்ன் பாஸ்) தமிழில் இரண்டே சொல் கேட்டேன். குழுவின் பேச்சு 'கொக்கி' என்ற சொல்லின் வேருக்குப் போய்விட்டது.

> கொக்கு, கொக்கி, கொக்கரை எல்லாம் வளைவு. பிரெஞ்சு 'குரோஷே'யும் இதே வேர்தான்.

ஐயா, வளைவு வரைக்கும் உங்களோடு வருகிறேன். குரோஷே என்றால் பிரெஞ்சில் சிறு கொக்கி, சரி. ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. ஆனால் போகிற போக்கில் 'துறட்டி' என்றீர்களே, அதை விடமாட்டேன். முருங்கைக்காய் பறிக்கிற துறட்டி மாதிரியே நீளக் கோல், நுனியில் வளைவு. சாதாரணக் குரோஷாவில் ஊசியில் ஒன்றிரண்டு கண்ணிதான் (நூல் வளையம்) நிற்கும். துனிசிய முறையில் வரிசை முழுவதும் ஊசியிலேயே தங்க வேண்டும். அதற்குத்தான் அந்த நீளமும், நழுவாமலிருக்கப் பின்முனைக் குமிழும். 'துறட்டி ஊசி' என்றே எழுதுகிறேன்.

> பாவும் ஊடையும் இருக்கப் புதுச்சொல் எதற்கு?

நெசவில் அவை இரண்டு நூல். இங்கே ஓடுவது ஒரே நூல். துணியைத் திருப்பாமலே வலமிருந்து இடமாகக் கண்ணிகளை ஊசியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். திரும்பும்போது நூலை ஊசியில் சுற்றி, இரண்டிரண்டு கண்ணி வழியாக இழுத்து இறக்குகிறோம். கடைசியில் ஒரு கண்ணி மிஞ்சும். துணியின் முகத்தில் வரிசையாக நிற்கிற இழைகளை என் மாணவிகள் 'ஜன்னல் கம்பி' என்கிறார்கள். எளிய தையலில் ('சிம்பிள் ஸ்டிச்') அடுத்த முறை ஊசி நுழைவது அந்தக் கம்பிக்குப் பின்னால்தான். இதைவிட நல்ல கலைச்சொல் எனக்கு வராது.

ஆகவே 'ஏற்றுவரிசை', 'இறக்குவரிசை' என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். "ஏற்றுமதி, இறக்குமதி மாதிரியா?" என்று ஓர் அம்மா கேட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்புறம் ஒரு தடவைகூட அவருக்கு மாறிப்போகவில்லை.

> ஆரோகணம், அவரோகணம் சென்னையில் யாருக்குப் புரியாது?

புரியும். கை என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லவில்லையே.

இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வரிசை, பாதிக்கு எப்படி அந்தப் பெயர் என்று கேட்டவர் சொன்னது நியாயம். கடைக்கு ஒரு நடை போய்வருகிறோம் அல்லவா? 'ஏற்றுநடை', 'இறக்குநடை' என்று மாற்றிவிட்டேன். இரண்டடி சேர்ந்த செய்யுளைப் போல முழு வரிசையையே 'கண்ணி' என்கலாம் என்றார் அவரே. அழகுதான், ஊசியில் இருப்பதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

இந்தப் பின்னல் 'ஆப்கன்' என்றும் வழங்குவதால் நாட்டுப் பெயரே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யூடியூபில் தேடுகிறவர்களுக்குத் 'துனிசிய' வேண்டும்.

விளிம்பு சுருண்டுகொள்வதற்குச் சொல் இன்னும் அமையவில்லை. ஊசியைப் பெரிதாக்கினால் சுருள்வது குறையும் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வெள்ளி இரவு வரை திருத்தலாம்.