செயற்கைக் கால், காலிப்பர் (பலவீனமான காலைத் தாங்கும் சட்டம்) போடுபவர்களிடம் சர்வே எடுக்கிறார்களே, உங்கள் அனுபவம் எப்படி?

மதுரைக்காரன்:
சின்ன வயதில் போலியோ வந்து, தொடை வரை காலிப்பர் போடுகிறவன் நான். புதுசு கொடுத்துச் சில மாதம் கழித்துக் கூப்பிட்டு ஒரு படிவம் வைத்தார்கள். கேள்வி கேட்டவர் யார் தெரியுமா? அந்தக் காலிப்பரைச் செய்து மாட்டிவிட்ட தம்பியேதான். பக்கத்தில் உட்கார்ந்து, "எடை தாங்குற மாதிரி இருக்காண்ணே?" என்று ஒவ்வொன்றாக வாசிக்கிறார். இலவசமாகக் கொடுத்த பொருள், செய்தவர் எதிரில். என்ன சொல்ல? எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு"தான். துணி கிழிகிறதா என்றும் கேட்டார். முட்டி லாக் உரசிப் பேன்ட்டில் நூல் பிரிந்து தொங்குகிறது. அதைக் கையால் மறைத்துக்கொண்டே "இல்ல தம்பி" என்றேன்.

லிம்ப் சென்டர் ஆள்:
அண்ணே, அந்தத் துணிக் கேள்வி ஓபஸ் (OPUS) என்ற படிவத்தில் உள்ளது; செயற்கைக் கால், காலிப்பர் போடுபவர்களிடம் கேட்பதற்கென்றே செய்தது. ஹைன்மான் குழு 2003-இல் அமெரிக்காவில் வெளியிட்டது. எங்கள் மையத்தில் அதைத் தமிழில் வைத்து, ஒரே ஆளிடம் ஓரிரு வார இடைவெளியில் இரண்டு தடவை கேட்டோம். இடைவெளி குறைந்தால் முன்பு சொன்னதை ஞாபகத்திலிருந்து சொல்வார்கள்; நீண்டுவிட்டால் ஸ்டம்பே (வெட்டியதுபோக மீதமுள்ள கால்) மாறிவிடும். நடுவில், ஸ்டம்ப் நுழையும் கிண்ணமான சாக்கெட்டைச் சரிசெய்துகொண்டவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு தடவையும் வந்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண் ஐசிசி. முழுக்க ஒத்துப்போனால் 1. குழுக்களை ஒப்பிட 0.7 போதும் என்பார்கள், ஓர் ஆளைப் பற்றி முடிவெடுக்க 0.9 வேண்டும். அந்த 0.9 வந்தாலும் துள்ள வேண்டாம். நடமாட்டத்தை அளக்கும் பிளஸ்-எம் படிவம் போலச் சராசரி 50, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவும் அளவு) 10 என்று வைத்த அளவுகோலில் ஐசிசி 0.9 என்றால், ஒருவருடைய மதிப்பெண் சுமார் 9 புள்ளி நகர்ந்தால்தான் 95% உறுதியோடு "மாற்றம்" என்று சொல்லலாம். புதுப் பாதம் மாட்டி 50 என்பது 54 ஆனதும் "நல்ல முன்னேற்றம்" என்று ரிப்போர்ட் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எங்களுக்கு வந்த தலைவலி வேறு. திருப்திப் பகுதியில் நிறையப் பேர் இரண்டு தடவையும் உச்ச மதிப்பெண் போட்டார்கள். பதில் பெரிதாக மாறவில்லை, ஆனால் ஐசிசி இறங்கிவிட்டது! ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தால்தான் அந்தக் கணக்கு ஏறும்; எல்லாரும் உச்சியில் போய்க் குவிந்தால் அது படுத்துவிடும். சரி, கால் செய்கிறவர்கள் கேட்க வேண்டாம் என்று முடிவுபண்ணி, சம்பந்தமில்லாத ஒரு பெண்ணை விட்டுக் கேட்கச் சொன்னோம். அப்புறம்தான் தோல் உரசல், வலி எல்லாம் வெளியே வந்தன.

நெல்லை வாசகர்:
தம்பி, எனக்குச் சர்க்கரையால் முட்டிக்குக் கீழே எடுத்தது. காலையில் சாக்கெட் கச்சிதமாக இருக்கும். சாயங்காலம் ஸ்டம்ப் சுருங்கி லொடலொடவென்று ஆடும், இன்னொரு சாக்ஸ் போட்டால்தான் நிற்கும். "நாள் முழுவதும் வசதியாக இருக்கிறதா" என்று காலை பத்து மணிக்கு ஓபியில் வைத்துக் கேட்டால் ஆமாம் என்பேன். அதையே சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? இன்னொரு கூத்து: இரண்டாவது தடவை போனில் கேட்டார்கள். என் மகள் எடுத்து, அவளே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி வைத்துவிட்டாள். அதையும் என் பதிலாகவே எழுதிக்கொண்டார்களாம்.

லிம்ப் சென்டர் ஆள்:
அண்ணாச்சி, உங்கள் மகள் சொன்னதை அப்படிச் சேர்த்ததே தப்பு. கேட்கும் ஆளும் முறையும் மாறினால், வித்தியாசம் காலால் வந்ததா, கேட்ட விதத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. நாங்கள் இப்போது இரண்டு தடவையும் நேரில், அதே நேரத்தில்தான் கேட்கிறோம். எத்தனை சாக்ஸ் போட்டிருக்கிறார் என்பதையும் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்கிறோம். போலியோ காலிப்பர்காரர்கள் யாராவது இப்படி இரண்டாவது தடவையும் பதில் சொன்னவர்கள் இருந்தால் எழுதுங்கள், எங்களிடம் பெரும்பாலும் செயற்கைக் கால் போட்டவர்கள்தான்.