கரண்ட் கோச்சியில் (மின்சார ரயிலில்) திடீரென்று விளக்கு நின்றது: உங்களுக்கும் நடந்ததா?

நாவற்குழியான்:
அப்பாவின் கண் ஒப்பரேசனுக்குச் சென்னை போயிருந்தோம். தாம்பரத்தில் ஏறி பீச் பக்கம் போகிறோம், திடீரென்று விளக்கு, பேன், மோட்டார் சத்தம் எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன. சில்லு உருளும் சத்தம் மட்டும். அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "நிப்பாட்டிப் போட்டாங்கள், இறங்கு" என்றார். 1990 இல் நின்ற யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வர 2014 வரை காத்திருந்த ஆள் அவர். சில விநாடியில் எல்லாம் வந்துவிட்டது. எதிரே பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை, ஆனால் அப்பா எழும்பூர் வரை என் கையை விடவில்லை. ஏன் அப்படி நிற்கிறது?

சுன்னாகம் பெடியன்:
அண்ணை, அது பழுது இல்லை. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். அடுத்தடுத்த துணை மின் நிலையங்கள் வேறு வேறு ஃபேஸில், அதாவது அலை ஏறி இறங்கும் நேரம் ஒத்துப்போகாமல், கரண்ட் கொடுக்கும், இரண்டும் தொடக்கூடாது என்று இடையில் கரண்டே இல்லாத ஒரு துண்டு விடுவார்கள். வண்டி வந்த வேகத்தில் அதைக் கடந்துவிடும்.
எனக்கு மனதில் நிற்பது வேறு. போன முறை கொழும்பிலிருந்து வரும்போது எஞ்சினுக்கு அடுத்த பெட்டி, அநுராதபுரம் வர முன்பே மகளின் வெள்ளைச் சட்டைக் கொலர் டீசல் புகையில் கறுத்துவிட்டது. இந்தியாவில் கரண்ட் கோச்சியை 1925 இல் பம்பாயில் தொடங்கினார்கள், தாம்பரம் பாதை 1931, இப்போது அகலப் பாதை ஏறத்தாழ முழுவதும் மின்சாரம். எங்கள் இலங்கைப் பாதையும் அதே 1676 மில்லிமீற்றர் அகலம்தான், ஆனால் ஒரு மைல்கூட மாறவில்லை.

கொடிகாமத்தாள்:
தம்பி, அகலம் ஒன்றாக இருந்தால் போதுமா? கம்பி, தூண், துணை மின் நிலையம் என்று போடும் காசு, வண்டிகள் நெருக்கமாக ஓடும் இடத்தில்தான் திரும்பி வரும். கொழும்பைச் சுற்றித்தான் முதலில் செய்ய வேண்டும்.
நான் கண்டது விழுப்புரம் பக்கம். ரயில் கடவைக்கு முன்னால் உயரம் பார்க்க ஒரு இரும்புச் சட்டம், அதில் வைக்கோல் லொறி இடித்து நின்றது. அதைக் கண்டதிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்: அந்தக் கம்பியைத் தொட வேண்டியதில்லை, கிட்டப் போனாலே கரண்ட் பாயும். எங்கள் பெடியள் வாசலில் தொங்கி, கூரையில் ஏறிப் பழகியவர்கள். அங்கே போனால் கூரை, ஏணி, பாலத்தில் நின்று நீளத் தடியில் போன் பிடிப்பது ஒன்றும் வேண்டாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் மேடையிலேயே சொல்லி வையுங்கள்.

நாவற்குழியான்:
நன்றி தம்பி, நன்றி அக்கா. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப பனையோலை விழுந்தா என்ன செய்வாங்கள்?" என்று கேட்கிறார். ஆருக்கும் தெரியுமா?