"டோன்ட் யூ?" என்று கேட்டால் யெஸ்ஸா, நோவா?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை):
வணக்கம். நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, நொதிக்க விடுவது, உலர்த்துவது, தரம் பிரிப்பது என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுவேன். நடுவில் அவர்கள் கேட்கும் சின்னச் சின்னக் கேள்விகளில்தான் சிக்கிக்கொள்கிறேன்.

"டூ யூ லைக் டீ?" என்று ஒரு அம்மா கேட்டார். "யெஸ், ஐ லைக்" என்றேன். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் "டோன்ட் யூ யூஸ் மெஷின்ஸ் ஃபார் பிளக்கிங்?" என்று கேட்டார். எங்கள் தோட்டத்தில் கையால்தான் பறிக்கிறார்கள், அதனால் "யெஸ்" என்றேன். அரை மணி நேரம் கழித்து அந்த இயந்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்கிறார்! "ஆர் யூ ஃப்ரம் ஹியர்?" என்று கேட்பவர்களுக்கு "யெஸ், ஐம்" என்கிறேன். அதுவும் பிழை என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் முழு வாக்கியத்தில் பதில் எழுதத்தான் பழகினோம். பேசும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

நானுஓயாக்காரன்:
தங்கச்சி, எதற்கு இவ்வளவு யோசனை? யெஸ், நோ இரண்டும் போதும். ஸ்டேஷன் பக்கத்தில் விடுதி நடத்துகிறேன், இத்தனை வருடமாக அப்படித்தான் சமாளிக்கிறேன்.

பதுளை மிஸ்:
நானுஓயாத் தம்பி சொல்வதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் தனி யெஸ்ஸும் தனி நோவும் பல இடங்களில் வெடுக்கென்று விழும். விருந்தாளியிடம் அந்தத் தொனி வேண்டாம். அதோடு, தங்கச்சியின் இரண்டாவது கேள்வியில் அந்தத் தனி யெஸ்தான் ஆளைக் குழப்பியிருக்கிறது.

முதலில் "யெஸ், ஐ லைக்". தமிழில் வினையைத் திருப்பிச் சொன்னாலே பதில் முடிந்துவிடுகிறது. "வந்தாயா?" "வந்தேன்." "சாப்பிட்டீர்களா?" "சாப்பிட்டோம்." ஆங்கிலத்தில் திருப்ப வேண்டியது அந்த வினையை அல்ல, கேள்வியின் தொடக்கத்தில் நிற்கும் துணைவினையை. "டூ யூ" என்று கேட்டால் "யெஸ், ஐ டூ". "டிட் யூ" என்றால் "யெஸ், ஐ டிட்". "கேன் யூ" என்றால் "யெஸ், ஐ கேன்". "யெஸ், ஐ லைக்" என்று நிறுத்தினால் எதை என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்த அம்மா காத்து நின்றிருக்கிறார். "யெஸ், ஐ லைக் இட்" என்று முடித்திருந்தாலும் பிழையில்லை.

ஆகவே கேள்வியின் முதல் சொல்லைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். "டூ யூ ஹாவ் கிரீன் டீ?" என்றால் "யெஸ், வீ டூ". அதையே "ஹாவ் யூ காட் கிரீன் டீ?" என்று கேட்டால் "யெஸ், வீ ஹாவ்". கேட்ட பொருள் ஒன்றுதான், முதல் சொல் மாறியதால் பதிலும் மாறுகிறது. பெயர்ச்சொல்லையும் திருப்ப வேண்டாம். "டஸ் யுவர் மதர் வர்க் ஹியர்?" என்றால் "யெஸ், ஷீ டஸ்".

"யெஸ், ஐம்" ஏன் ஆகாது? சுருங்கிய வடிவம் தனக்குப் பின்னால் வரும் சொல்லில் சாய்ந்து நிற்பது. குறும்பதிலில் பின்னால் ஒன்றும் இல்லை. விட்டுவிட்ட சொற்களின் பாரம் முழுவதும் அந்தத் துணைவினை மேல் விழுவதால் அதை முழுதாக, அழுத்தித்தான் சொல்ல வேண்டும்: "யெஸ், ஐ அம்". "ஹாவ் யூ பீன் டு எல்ல?" என்பதற்கும் "யெஸ், ஐ ஹாவ்"தான், "யெஸ், ஐவ்" கிடையாது. மறுப்பில் மட்டும் சுருக்கலாம். "நோ, ஐம் நாட்", "நோ, ஐ ஹாவன்ட்" இரண்டும் சரி. அங்கே கடைசியில் மறுப்பு நின்று தாங்கிக்கொள்கிறது.

இனி அந்த "டோன்ட் யூ". நம் பிள்ளைகள் மிக அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பாருங்கள். "இயந்திரத்தால் பறிப்பதில்லையா?" என்று தமிழில் கேட்டால் "ஆமாம், பறிப்பதில்லை" என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் கேட்டவரை விட்டுவிட்டு நடப்பைப் பார்க்க வேண்டும். நடப்பு "உண்டு" என்றால் யெஸ், "இல்லை" என்றால் நோ. கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அதே பதில்தான். உங்கள் தோட்டத்தில் இயந்திரம் இல்லை, ஆகவே "நோ, வீ டோன்ட்".

உங்களிடம் வரக்கூடிய இரண்டு கேள்விகளையே எடுங்கள். "இஸன்ட் கிரீன் டீ ஃப்ரம் அ டிஃபரன்ட் பிளான்ட்?" பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியிலிருந்து வருபவை, நொதிக்க விடுவதில்தான் வேறுபாடு. ஆகவே "நோ, இட் இஸன்ட்". அதையே "இஸன்ட் இட் த சேம் பிளான்ட்?" என்று கேட்டால் "யெஸ், இட் இஸ்". "யெஸ், இட் இஸன்ட்" என்ற கலவை எந்தக் கேள்விக்கும் பொருந்தாது.

யார், எப்போது, எங்கே என்ற கேள்விகள் சுலபம். இலங்கையில் வணிக முறையில் முதல் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது யார் என்றால் "ஜேம்ஸ் டெய்லர் டிட்". எப்போது என்றால் "இன் 1867". எங்கே என்றால் "அட் லூல்கந்துர". அந்த இன், அட் இரண்டையும் மட்டும் விழுங்கிவிடாதீர்கள்.

முழு வாக்கியப் பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். வினாத்தாளில் அது தேவைப்படும். வாய்ப்பேச்சில் ஒவ்வொரு கேள்விக்கும் அப்படிச் சொன்னால் பாடம் ஒப்புவிப்பது போல இருக்கும், அவ்வளவுதான்.

பண்டாரவளை வழிகாட்டி:
மிஸ் சொன்னதோடு இரண்டைச் சேர்க்கிறேன். மலையில் மேகம் இறங்கியதும் எல்லாப் பயணிகளும் கேட்பது "வில் இட் ரெய்ன்?" பெய்யாது என்று நினைத்தால் "ஐ டோன்ட் திங்க் ஸோ". பெய்யக்கூடாது என்று விரும்பினால் "ஐ ஹோப் நாட்". இரண்டையும் கலந்து "ஐ டோன்ட் ஹோப் ஸோ" என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

அடுத்தது, "வுட் யூ லைக் டு ஜாயின் அஸ்?" என்று தேநீர் மேசைக்குக் கூப்பிடுவார்கள். "ஐ வுட் லைக்" என்று பாதியில் நிற்கக்கூடாது. "ஐட் லவ் டு". கடைசி "டு" கட்டாயம் வேண்டும், "ஜாயின் யூ" என்ற மிச்சம் அதற்குள் அடங்கியிருக்கிறது.

கொழுந்துக்கூடை:
மிஸ்ஸுக்கும் அண்ணாவுக்கும் மிகவும் நன்றி. இன்று காலையிலேயே "நோ, வீ டோன்ட்" கைகொடுத்தது. ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு "டூ யூ மைண்ட் இஃப் ஐ டேக் அ ஃபோட்டோ?" என்றார். தாராளமாக எடுங்கள் என்ற எண்ணத்தில் "யெஸ், யெஸ்" என்றேன். உடனே மன்னிப்புக் கேட்டுக் கேமராவை உள்ளே வைத்துவிட்டார்.

பதுளை மிஸ்:
"மைண்ட்" என்றால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பதுதான் கேள்வி. நடப்பைப் பாருங்கள், ஆட்சேபம் இல்லை. ஆகவே "நோ, நாட் அட் ஆல்", அதோடு "கோ அஹெட்" என்றும் சேர்த்துவிட்டால் சந்தேகமே வராது. படம் எடுக்கக்கூடாத பகுதியாக இருந்தால் யெஸ் என்று நேராகச் சொல்லாமல் "ஐம் ஸாரி, ஃபோட்டோஸ் ஆர் நாட் அலவ்ட் ஹியர்" என்று காரணத்தையே சொல்லுங்கள். கொழுந்து எடுக்கும் அக்காமாரைப் படம் பிடிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நீங்களாக அனுமதி கொடுக்க வேண்டாம். அவர்களிடம் தமிழில் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.